சூப்பர்சார்ஜர் எஸ்யூவியும் நம்ம வேலூர் ஹைவேயும்: அடிக்கடி கேக்கற கேள்விங்க

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் இப்போ லேண்ட் ரோவர் டிஃபெண்டர் வி8 (எட்டு சிலிண்டர் எஞ்சின்), பழைய ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட் சூப்பர்சார்ஜ்டு மாதிரி வண்டிங்க அங்கங்க தலை காட்டுது. புதுசா எடுக்கறவங்க கொஞ்சம், செகண்ட்ஸ்ல வாங்கறவங்க நிறைய. வாங்கினவங்க, வாங்கப்போறவங்க, சும்மா வீடியோ பாத்துட்டு கேக்கறவங்கன்னு எல்லாருக்கும் ஒரே டவுட்டு தான் திரும்ப திரும்ப வருது, அதனால மொத்தமா இங்க போட்டுட்டேன். எல்லாமே கிருஷ்ணகிரி, வாலாஜா, ஸ்ரீபெரும்புதூர் ரோட்ட மனசுல வச்சு எழுதினது. தார் ஜீப், ஸ்கார்பியோ, ஃபார்ச்சூனர் வச்சிருக்கறவங்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

கேள்வி: சூப்பர்சார்ஜர்னா இன்னா? டர்போ மாதிரி தானே?

வேலை ஒண்ணு தான், எஞ்சினுக்குள்ள காத்த அமுக்கி தள்றது. டர்போவ சுத்தறது சைலன்சர் பக்கம் போற புகை, சூப்பர்சார்ஜர சுத்தறது எஞ்சினோட பெல்ட்டு. அதனால மிதிச்ச உடனே இழுக்கும், டர்போல வர்ற அந்த சின்ன தாமதம் கிடையாது. ஆனா சூப்பர்சார்ஜர் சுத்தறதுக்கே எஞ்சின் பவர்ல ஒரு பங்கு போய்டும், பெட்ரோல் குடிக்கறதும் அதுக்கேத்த மாதிரி தான். 2021ல வந்த டிஃபெண்டர் வி8ல 5.0 லிட்டர் எஞ்சினு 525 பிஎஸ் (குதிரை சக்தி), 2025ல இந்தியாவுக்கு வந்தது அதே 5.0 லிட்டர் தான், 425 பிஎஸ், 610 என்எம் (இழுவை அளவு). டிஃபெண்டர் ஆக்டா வேற கதை, அது 4.4 லிட்டர் ட்வின் டர்போ, 635 பிஎஸ், அதுல சூப்பர்சார்ஜர் இல்ல. நிறைய பேர் ரெண்டையும் ஒண்ணாக்கி பேசிக்கினு இருக்காங்க.

வேலூர் வெயிலுக்கு ஒரு விஷயம் சொல்லணும். காத்த அமுக்கினா சூடாகும், அதுவும் கத்திரி வெயில்ல 40க்கு மேல இருக்கற காத்து உள்ள போனா, அத ஆத்தறதுக்குன்னு இருக்கற இன்டர்கூலரால முழுசா ஆத்த முடியாது, எஞ்சின் கம்ப்யூட்டர் தன்ன காப்பாத்திக்க பவர கொறச்சிடும். மே மாசம் மத்தியானம் ரெண்டு மணிக்கு பள்ளிகொண்டா டோல்ல ஊர்ந்து ஊர்ந்து வெளிய வந்து ஃபுல்லா மிதிச்சா காலைல இருந்த இழுவை இருக்காது. அது ரிப்பேர் இல்ல, பதறாதீங்க. ஆனா அந்த இழுவைய நம்பி ஓவர்டேக் எடுக்கறவங்க இத ஞாபகம் வச்சுக்கணும்.

கேள்வி: 240 போகும்னு போட்டிருக்கான், நம்ம ரோட்ல எவ்ளோ போலாம்?

போர்டுல எவ்ளோ போட்டிருக்கோ அவ்ளோ தான், அதுல எனக்கு வேற பதில் இல்ல. ஆனா அந்த 240 எப்டி வந்துச்சுன்னு பாத்தா உங்களுக்கே ஒரு விஷயம் புரியும். 525 பிஎஸ் டிஃபெண்டர்ல 22 இன்ச் வீலும் அதுக்குன்னு கொடுத்த ரோடு டயரும் இருந்தா தான் 240, வேற வீல் போட்டா கம்பெனியே 191ல கட்டிப் போட்டுடுது. அமெரிக்கால 2021 மாடல் ராம் டிஆர்எக்ஸ்னு ஒரு பிக்கப், 6.2 லிட்டர் சூப்பர்சார்ஜ்டு, 702 எச்பி, அத 190 கிட்ட நிறுத்தி வச்சிருந்தாங்க, ஏன்னா அதுல இருக்கற ஆஃப்ரோடு டயர் அதுக்கு மேல தாங்காது. பழைய மெர்சிடிஸ் ஜி55 கம்ப்ரெசர், அதுவும் சூப்பர்சார்ஜ்டு தான், 210ல கட்டு. எஞ்சினுக்கு தெம்பு இல்லாம இல்ல, டயரும் உயரமும் தான் காரணம். செஞ்சவனே பயந்து கட்டிப் போட்டிருக்கான், நாம அத விட தைரியசாலியா இருக்க வேணாம்.

2019 ஜூலைக்கு அப்பறம் தயாரான எல்லா கார்லயும் 80 தாண்டினா விட்டு விட்டு பீப், 120 தாண்டினா நிக்காம பீப் அடிக்கும். அந்த சத்தத்த ஆஃப் பண்ண முடியுமான்னு கேக்கறவங்க தான் எனக்கு வர்ற ஆள்ல பாதி. பாட்டு சத்தத்த ஏத்தி வச்சா கேக்காது, ஆனா அதுக்கு நான் பொறுப்பில்ல.

கேள்வி: பெரிய பிரேக் டிஸ்க் போட்டிருக்கான், சட்டுனு நின்னுடும் தானே?

இது தான் ரொம்ப முக்கியமான கேள்வி. ஆனா எல்லாரும் கடைசில தான் கேக்கறாங்க, மொதல்ல கேக்கறது ஜீரோ டு ஹண்ட்ரட் எத்தன செகண்டுன்னு.

வண்டி ரெண்டரை டன். வேகம் ஒண்ணரை மடங்கு ஏறினா பிரேக் தின்ன வேண்டிய சக்தி ரெண்டேகால் மடங்கு ஏறும், 80க்கும் 120க்கும் உள்ள வித்தியாசம் அவ்ளோ. நல்ல ரோடு டயர், காஞ்ச தார் ரோடு, முழு பிரேக்கு, ஆபத்த பாத்து கால் பிரேக்குக்கு போறதுக்கு ஒண்ணரை செகண்டுன்னு கணக்கு போட்டா சுமாரா இப்படி வரும்: 80ல போனா நிக்க 64 மீட்டர், 100ல 90 மீட்டர், 120ல 120 மீட்டர், 140ல 150 மீட்டருக்கு மேல. இதுல கால் போறதுக்குள்ளயே 100ல 42 மீட்டர் போய்டும், அந்த 42 மீட்டர்ல பிரெம்போ மாதிரி காஸ்ட்லி பிரேக்கா சாதா பிரேக்கான்னு எந்த வித்தியாசமும் கிடையாது.

இன்னொரு மாதிரி சொல்றேன். முன்னாடி 90 மீட்டர்ல லைட்டு இல்லாம ஒரு லாரி நிக்குது. 100ல வந்தவன் அது பக்கத்துல வந்து நின்னுடுவான். 120ல வந்தவன் அதே இடத்துல இன்னும் 78 வேகத்துல போய்க்கினு இருப்பான். வெறும் 20 கிமீ தான் கூட போனான், ஆனா நிக்கறதுக்கும் 78ல லாரி பின்னாடி சொருகறதுக்கும் உள்ள வித்தியாசம் அது.

இதுல ராத்திரி இன்னும் மோசம். லோ பீம்ல ஒரு அம்பது அறுவது மீட்டர் தான் தெளிவா தெரியும், அப்போ 100ல போறவன் கண்ணுக்கு தெரியாத தூரத்த நம்பி ஓட்டறான்னு அர்த்தம். எதிர்ல மீடியன் செடி இல்லாத இடத்துல ஹை பீம் அடிக்கவும் முடியாது. நம்ம ரோட்ல பஞ்சர் ஒட்ட ஓரமா போட்ட லாரி, பின்னாடி ரிஃப்ளெக்டர் மேல சேறு அப்பின டிராக்டர், அடுத்த கேப்பு வரைக்கும் போக சோம்பேறித்தனப்பட்டு ராங் சைடுல வர்ற டிவிஎஸ் எக்செல், மூணும் கண்டிப்பா இருக்கும். ரேடார் வச்ச ஆட்டோ பிரேக் வண்டிங்க கூட இந்த எக்செல்ல எல்லா நேரமும் கண்டுபிடிக்கும்னு நம்ப வேணாம்.

கேள்வி: இவ்ளோ உயரமா இருக்கே, கவுந்துடுமா?

நேரா போனா கவுறாது. திடீர்னு ஒடிச்சு, அதே வேகத்துல எதிர் பக்கம் ஒடிச்சா தான் பிரச்சனை. ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல இருக்கற அகலத்துல பாதிய, வண்டியோட கனம் நிக்கற உயரத்தால வகுத்தா ஒரு நம்பர் வரும். சாதா கார்களுக்கு அது 1.3, 1.4 மாதிரி இருக்கும், எஸ்யூவிக்கு 1.1, 1.2 கிட்ட. அந்த நம்பர் சின்னதாக ஆக கவுறதுக்கு லேசு. அமெரிக்கால கவுற ரேட்டிங்க இத வச்சு தான் கணக்கு பண்றாங்க. சூப்பர்சார்ஜர் இருக்கறதாலயோ இல்லாததாலயோ இந்த நம்பர் பெருசா மாறாது, ஆனா அந்த எஞ்சினு உங்கள சீக்கிரமா அந்த எல்லைக்கு கொண்டு போய் விட்டுடும்.

ஸ்வீடன்ல மூஸ் டெஸ்ட்னு ஒண்ணு பண்றாங்க, ரோட்ல குறுக்க பெரிய மான் வந்தா ஒடிச்சு தப்பிச்சு திரும்ப லேனுக்கு வர்றது. 2012ல ஜீப் கிராண்ட் செரோக்கியும், 2016ல டொயோட்டா ஹைலக்ஸும் அந்த டெஸ்ட்ல சக்கரத்த தூக்கினது உலகம் பூரா பேச்சாச்சு. ஹைலக்ஸ் தூக்கினது சுமார் 60 கிமீ வேகத்துல, 160ல இல்ல. நமக்கு அந்த மான் இல்ல, ஆனா எருமை இருக்கு, அதே கணக்கு தான்.

டிஃபெண்டர், ரேஞ்ச் ரோவர் மாதிரி வண்டிங்க மோனோகாக் பாடி (பாடியும் அடிச்சட்டமும் ஒண்ணா செஞ்சது), நாலு பக்கமும் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன் (ஒவ்வொரு சக்கரமும் தனியா ஆடும்), ஏர் சஸ்பென்ஷன் இருந்தா ஹைவே வேகத்துல ரேஞ்ச் ரோவர் தானா கொஞ்சம் இறங்கி ஓடும். அதனால லேடர் ஃப்ரேம் (ஏணி மாதிரி சட்டத்து மேல பாடிய வச்சது) வண்டிய விட கட்டுக்கோப்பா இருக்கும், ஒத்துக்கறேன். தார் ஜீப், ஃபார்ச்சூனர், ஸ்கார்பியோல பின்னாடி சாலிட் ஆக்ஸில் (ரெண்டு சக்கரத்தையும் சேக்கற ஒரே அச்சு), பாலம் சேர்ற இடத்துல இருக்கற மேடு தட்டினா பின்பக்கம் ஒரு சின்ன குதி குதிச்சு ஓரமா நகரும், வளைவுல அது வந்தா வயித்த கலக்கும்.

ஆபத்து வந்தா செய்ய வேண்டியது: பிரேக்க முழுசா அமுக்கு, சக்கரம் பூட்டாம பாத்துக்கற ஏபிஎஸ் காலுக்கு அடில தடதடன்னு உதறும், காலை எடுக்காத, ஸ்டியரிங்க எவ்ளோ தேவையோ அவ்ளோ மட்டும் திருப்பு. தார் ரோட்ட விட்டு மண்ணுல ரெண்டு சக்கரம் இறங்கிடுச்சுன்னா அவசரமா திருப்பி ஏத்தாத, ஆக்சிலேட்டர விட்டு வேகத்த கொறச்சு அப்பறம் ஏறு. எஸ்யூவி உருள்ற கேஸ்ல நிறைய இந்த திருப்பி ஏத்தற நேரத்துல தான் நடக்குது, டயர் தார் விளிம்புல மாட்டி சட்டுனு புடிச்சுக்கும்.

கேள்வி: டயர்ல அப்படி இன்னா இருக்கு, எல்லாம் ரப்பர் தானே?

அண்ணா, கோடி ரூபா வண்டி ரோட்ட தொடற இடம் நாலு உள்ளங்கை அளவு தான், அதுக்கு மேல நான் இன்னா சொல்ல.

டயர் ஓரத்துல சைஸுக்கு பக்கத்துல ஒரு எழுத்து இருக்கும். க்யூ னா 160 கிமீ, ஆர் 170, எஸ் 180, டி 190, எச் 210, வி 240. மட் டெரெய்ன் டயர் (சேத்துக்குன்னு செஞ்சது) பெரும்பாலும் க்யூ தான். அத வி8 வண்டில மாட்டிட்டு ஸ்டைலா இருக்குன்னு ஓட்டறவங்க, டயர் தாங்கற வேகத்த விட வண்டிக்கு வேகம் ஜாஸ்தின்னு தெரிஞ்சே ஓட்டறாங்க. வேகத்த விடுங்க, கட்டை கட்டையா இருக்கற அந்த ட்ரெட் (டயரோட மேல் ரப்பர்) பிரேக் அடிச்சா நெளியும், மேல சொன்ன 90 மீட்டர் கணக்கெல்லாம் அதுக்கு செல்லாது, தூரம் கூடும். வாரத்துல ஆறு நாள் ஹைவே, ஒரு நாள் மலைன்னா ரோடு பக்கம் சாஞ்ச ஆல் டெரெய்ன் (ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவான டயர்) போதும். மட் டெரெய்ன் நம்ம ஊர் ஆளுக்கு எதுக்குன்னு எனக்கு இன்னும் புரியல, போட்டோ நல்லா வரும், ஒத்துக்கறேன்.

அடுத்தது காத்து. ஜவ்வாது மலைல கரடு முரடான பாதைக்கோ மணலுக்கோ 18, 20 பிஎஸ்ஐ எறக்கறது சரி தான், டயர் பரந்து புடிக்கும். ஆனா அதே காத்தோட ஆலங்காயம் இறங்கி வாணியம்பாடி ஹைவேல ஏறி 100 போட்டா, டயர் ஓரம் ஒவ்வொரு சுத்துக்கும் மடங்கி மடங்கி சூடாகும், டயருக்குள்ள இருக்கற பெல்ட்டு விட்டு ட்ரெட் உரிஞ்சு வந்துடும். வேலூர் வெயில்ல தார் ரோடே கொதிக்குது, அது போதாதா. 2000த்துல அமெரிக்கால ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர்ல ஃபயர்ஸ்டோன் டயர் உரிஞ்சு வண்டி உருண்டு நிறைய பேர் செத்தாங்க, அந்த ஆகஸ்ட்ல 65 லட்சம் டயர் கிட்ட திரும்ப வாங்கினாங்க. டயர்ல குறை இருந்துச்சு, கூடவே கம்மி காத்து, வெயில், லோடு, வேகம், உயரமான வண்டின்னு எல்லாம் ஒண்ணா சேந்துச்சு. அதுக்கப்பறம் தான் அங்க டயர் பிரஷர் காட்ற டிபிஎம்எஸ்ஸ கட்டாயமாக்கினாங்க.

அதனால டிக்கில ஒரு 12 வோல்ட் கம்ப்ரெசர் இருக்கணும், எறக்கின இடத்துலயே திரும்ப ஏத்திட்டு கெளம்பணும், அடுத்த பங்க்ல பாத்துக்கலாம்னு சொல்லாதீங்க, அடுத்த பங்க்ல காத்து மிஷின் ரிப்பேர்னு போர்டு தொங்கும். காத்து செக் பண்றது காலைல டயர் ஆறி இருக்கும்போது. ஓடின டயர்ல மூணு நாலு பிஎஸ்ஐ கூட காட்டும், வெயில் காலம்னு பயந்து அத எறக்கி விடறாங்க பாருங்க, அது தான் தப்பு. சூட்ல ஏறினது ஏறட்டும், கம்பெனி கொடுத்த அளவு அத எதிர்பாத்து கொடுத்தது தான். அந்த அளவு டிரைவர் டோர் ஓரத்துல ஸ்டிக்கர்ல இருக்கும், ஃபுல் லோடுக்கு தனி நம்பர் இருக்கும், வீட்டு ஆளுங்க எல்லாரையும் ஏத்திக்கினு திருப்பதி போறீங்கன்னா அந்த நம்பர்.

கேள்வி: சேஃப்டிக்கு ஹைவேல 4எச் (நாலு சக்கரமும் இழுக்கற மோடு) போட்டு ஓட்டலாமா?

தார் ஜீப், ஸ்கார்பியோ மாதிரி பார்ட் டைம் 4வீல் (தேவைப்பட்டா மட்டும் நாலு சக்கரத்துக்கு மாத்தற) வண்டில காஞ்ச ரோட்ல போடவே கூடாது. முன்னாடி பின்னாடி ஆக்ஸில் பூட்டிக்கும், திருப்பும்போது இறுகும், கியர் பெட்டி பக்கம் முறுக்கு ஏறும். டிஃபெண்டர், ரேஞ்ச் ரோவர் எப்பவுமே நாலு சக்கரமும் இழுக்கற வண்டி, அங்க நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். ரெண்டுலயும் 4வீல் கெளம்ப உதவும், நிக்க உதவாது. எல்லா கார்லயும் பிரேக் நாலு சக்கரத்துல தான் இருக்கு.

கேள்வி: சாண்ட் மோடு, இஎஸ்பி ஆஃப்னு பட்டன் இருக்கே, எப்போ?

மணல்ல, சேத்துல சக்கரம் சுத்தணும், அதனால அந்த மோடுங்க ட்ராக்ஷன் கண்ட்ரோல தளர்த்தி விடும். ஹைவேக்கு வந்ததும் நார்மலுக்கு மாத்திடுங்க. இஎஸ்பி இந்த மாதிரி உயரமான, வேகமான வண்டிக்கு உயிர், ஒரு சக்கரத்த மட்டும் தனியா பிரேக் புடிச்சு வண்டிய நேர் பண்ற வேலைய மனுஷன் காலால செய்யவே முடியாது. ரோட்ல அத ஆஃப் பண்றதுக்கு எனக்கு ஒரு காரணமும் தோணல, ரீல்ஸ் எடுக்கறத தவிர.

கேள்வி: ஐப்பசி மழைல கனமான வண்டி வழுக்காதுன்னு சொல்றாங்களே?

கனத்துக்கும் அதுக்கும் நெனைக்கற அளவு சம்பந்தம் இல்ல. தண்ணி தேங்கின ரோட்ல டயர் தண்ணி மேல மிதக்க ஆரம்பிக்கற வேகத்துக்கு நாசால ஒரு கணக்கு போட்டாங்க, அதுல வர்றது முக்கியமா டயர் காத்து அழுத்தம் தான். 32 பிஎஸ்ஐக்கு சுமார் 94 கிமீ, 25 பிஎஸ்ஐக்கு 83 கிமீ. இது விமான டயருக்கு போட்ட கணக்கு, தேஞ்ச அகல டயருக்கு இன்னும் முன்னாடியே மிதக்கும். வி8 வண்டில வர்ற டயர் எல்லாம் அகலம் தான். மிதந்துட்டா ஸ்டியரிங் வெண்ணை மாதிரி லேசாகிடும், அப்போ பிரேக்கும் வேணாம் ஒடிக்கவும் வேணாம், ஆக்சிலேட்டர மெதுவா விட்டு நேரா புடிச்சுக்கோங்க. சூப்பர்சார்ஜர் வண்டில மழை நாள்ல கால பாத்து வைக்கணும், மிதிச்ச உடனே பவர் வருது இல்ல, பாதி வளைவுல அது வேணாத விருந்தாளி. ஈகோ மோடோ ரெயின் மோடோ இருந்தா போட்டுக்கோங்க, கௌரவம் ஒண்ணும் கொறையாது. ஆறு வழி போட்ட ரோட்ல கூட அண்டர்பாஸ் ஏறி இறங்கற பள்ளத்துல, மீடியன் ஓரம், தண்ணி நிக்கும், அதாவது வேகமா போற வலது லேன்ல தான்.

கேள்வி: ஏலகிரி ஏறும்போது ஜோரா இருக்கு, இறங்கும்போது பிரேக் வாசனை வருதே?

14 கொண்டை ஊசி வளைவு, ரெண்டரை டன், பிரேக்லயே கால வச்சுக்கினு இறங்கினா வாசனை வராம மல்லிகைப்பூவா வரும். பேடு சூடேறினா புடிப்பு கொறையும், ரொம்ப ஏறினா பிரேக் ஆயில் கொதிச்சு பெடல் உள்ள போய்டும். ஆட்டோமேட்டிக்ல கியர் லீவர மேனுவல் பக்கம் தள்ளி ரெண்டாவது கியர்ல வச்சுட்டா எஞ்சினே புடிச்சுக்கும். பிரேக்க வளைவுக்கு முன்னாடி நல்லா அமுக்கி, அப்பறம் முழுசா விடுங்க, லேசா தடவிக்கினே இருக்கறது தான் கெடுதல். ஜமுனாமரத்தூர்லருந்து இறங்கறதுக்கும், பேரணாம்பட்டு தாண்டி வி.கோட்டா ஏற்றத்துக்கும் இதே தான். மெதுவா தானா இறக்கிக் கொடுக்கற ஹில் டிசென்ட் கண்ட்ரோல் பட்டன் காட்டுப் பாதைக்கு, இந்த ரோட்டுக்கு இல்ல.

கேள்வி: 5 ஸ்டார் வண்டி தானே, அப்பறம் எதுக்கு இவ்ளோ பயம்?

டிஃபெண்டர் 2020ல யூரோ என்கேப்ல (என்கேப்னா வண்டிய மோத விட்டு பாக்கற டெஸ்ட்டு) 5 ஸ்டார், ஸ்கார்பியோ என் 2022ல குளோபல் என்கேப்ல 5 ஸ்டார், தார் ராக்ஸ் 2024ல பாரத் என்கேப்ல 5 ஸ்டார், எல்லாம் நல்ல வண்டி தான். பாரத் என்கேப்ல முன்பக்க மோதல் டெஸ்ட் 64 கிமீ வேகத்துல பண்றது. 64. நீங்க 130ல மோதினா அதுல நாலு மடங்கு சக்தி, அதுக்கு எந்த ஸ்டாரும் யாரும் கொடுக்கல. அதுவும் லாரி பின்பக்கம் மோதினா வண்டியோட பலமான பாகத்துல அடி விழாம கண்ணாடி உயரத்துல விழலாம்.

பெல்ட் போடலன்னா ஏர்பேக் காப்பாத்தாது, சில சமயம் அதுவே அடிக்கும். பின்சீட்டுக்கும் பெல்ட் சட்டம் இருக்கு, 1000 ரூபா அபராதம், ஆனா நம்ம ஆளுங்க பின்னாடி உக்காந்தா சோபால உக்காந்த மாதிரி தான். வண்டி உருண்டா பெல்ட் போடாதவங்க வெளிய தூக்கி எறியப்படறாங்க, எஸ்யூவி உருண்டா சாவு அதிகமா அப்படி தான். குழந்தைய மடில வச்சுக்கறத பத்தி தனியா எழுதினா கோவம் வந்துடும், சைல்டு சீட் வாங்குங்க, இந்த வண்டிக்கு ஒரு சர்வீஸ் பில்லுக்குள்ள அடங்கிடும்.

கேள்வி: லிஃப்ட் கிட், இரும்பு பம்பர், ரூஃப் டென்ட், இல்லனா தார் ஜீப்புக்கு சூப்பர்சார்ஜரே மாட்டலாமா?

வண்டிய ரெண்டு இன்ச் தூக்கினா மேல சொன்ன கவுற நம்பர் இன்னும் சின்னதாகும், பெரிய டயர் வேற மாட்டினா பிரேக் தூரம் கூடும், ஸ்பீடோமீட்டர் கம்மியா காட்டும், நீங்க 100ன்னு நெனைக்கும்போது 108 போய்க்கினு இருப்பீங்க. ரூஃப்ல 60 கிலோ டென்ட்டு வச்சு ஹைவே வளைவு எடுத்து பாருங்க, வண்டி யோசிச்சு யோசிச்சு திரும்பும். இரும்பு பம்பர், புல் பார் 2017 டிசம்பர்ல மத்திய அரசு கூடாதுன்னு சொன்னது, நசுங்க வேண்டிய இடம் நசுங்காம அடி நேரா உள்ள வரும், நடந்து போறவன் மேல பட்டா அவன் கதை முடிஞ்சுது.

சூப்பர்சார்ஜர் கிட்டு வெளிநாட்ல கெடைக்குது. இங்க மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவுல கம்பெனி கொடுத்ததிலருந்து மாத்தறதுக்கு தடை இருக்கு, 2019 ஜனவரில உச்ச நீதிமன்றமும் அத உறுதி பண்ணியிருக்கு. மாத்தி ஆக்சிடென்ட் ஆனா இன்ஷூரன்ஸ்காரன் மொதல்ல பாக்கறது அது தான். சட்டத்த விட்டாலும், எஞ்சின் பவர ஏத்திட்டு பிரேக், டயர், சஸ்பென்ஷன், கூலிங் எல்லாம் பழையபடி இருந்தா அது பாதி வேலை. டிஃபெண்டர்ல வி8 வச்ச கம்பெனி சும்மா எஞ்சின மட்டும் தூக்கி வைக்கல, ஆன்டி ரோல் பார் (வண்டி சாயாம புடிக்கற கம்பி), ஸ்ப்ரிங், பின்பக்க எலக்ட்ரானிக் டிஃபரென்ஷியல் (ரெண்டு சக்கரத்துக்கும் பவர பிரிச்சு தர்றது) எல்லாம் கூடவே மாத்தி தான் வித்தான்.

கேள்வி: மலைக்கு போய்ட்டு வந்தா 90ல ஸ்டியரிங் ஆடுது, அலைன்மென்ட்டா?

மொதல்ல வீலுக்குள்ள பாருங்க. ஜவ்வாது மலை செம்மண் சேறு அலாய் வீலோட உள்பக்கம் அப்பி காஞ்சு, ஒரு பக்கமா கனம் ஏறியிருக்கும். வெளிய பளபளன்னு கழுவியிருப்பாங்க, உள்ள கை விட்டு பாத்தா ஓடு மாதிரி ஒட்டிக்கினு இருக்கும். பிரஷர் வாட்டர் உள்பக்கம் அடிச்சாலே பாதி கேஸு சரியாகிடும். அப்பவும் ஆடினா ரிம் பெண்டு, பேலன்சிங், டை ராடு, பால் ஜாயிண்ட்னு போகலாம். முன்னாடியும் சாலிட் ஆக்ஸில் இருக்கற பழைய ஜீப்புங்கள்ல ஒரு பள்ளம் தட்டினதும் ஸ்டியரிங் நிக்காம உதற ஆரம்பிச்சா, வேகத்த கொறச்சா தான் நிக்கும், அத அப்படியே ஓட்டக்கூடாது.

கேள்வி: அப்போ இந்த வண்டிய எங்க தான் வெரட்டறது?

நமக்கு அதிர்ஷ்டம், சென்னை போற வழிலயே ஸ்ரீபெரும்புதூர் தாண்டி இருங்காட்டுக்கோட்டைல ரேஸ் ட்ராக் இருக்கு, 1990லருந்து ஓடுது, சுத்து 3.7 கிமீ. ட்ராக் டே நடக்கும்போது போங்க. உயரமான வண்டிய சேத்துப்பாங்களான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க. அங்க ஒரே ஒரு சுத்து முழு பிரேக் அடிச்சு பாத்தா இந்த வண்டி நிக்க எவ்ளோ எடம் கேக்குதுன்னு உடம்புக்கே தெரியும், நான் இங்க எழுதற மீட்டர் கணக்கெல்லாம் அப்பறம் தேவையில்ல. பாலாத்து மணல்ல வெரட்டறத பத்தி கேக்கறவங்களுக்கு, அங்க மணல் அள்ளின குழிங்க மேல பாத்தா தெரியாது, காட்டுக்குள்ள போனா வனத்துறை புடிப்பாங்க. தெரிஞ்சவங்க பட்டா நிலத்துல ஆஃப்ரோடு பண்றது தான் நிம்மதி.

கேள்வி: சென்னை பெங்களூர் எக்ஸ்பிரஸ்வே முழுசா தொறந்துட்டா பெங்களூருக்கு பறக்கலாம் இல்ல?

262 கிமீ, 120 வேகத்துக்குன்னு டிசைன் பண்ணது, சித்தூர், ராணிப்பேட்டை பக்கமா வருது, டூவீலர் கிடையாது, நடுவுல கேப்பு கிடையாது. எக்செல் தொல்லை போகும். ஆனா நேரா, காலியா, ஒரே வேகத்துல மணிக்கணக்கா போற ரோட்ல தூக்கமும் டயரும் தான் எதிரி. தொடர்ந்து 120ல ஓடற டயர் நம்ம பழைய ஹைவேல விட்டு விட்டு 100 ஓடறத விட ரொம்ப சூடாகும், கம்மி காத்து இருந்தா அங்க தான் காட்டிக்கொடுக்கும். ஆம்பூர் பிரியாணி அடிச்சுட்டு ஏறாதீங்கன்னு சொல்லலாம்னு பாத்தேன், நல்லவேளை அந்த ரோடு ஆம்பூர் வழியா வரல.

கேள்வி: செகண்ட்ஸ்ல சூப்பர்சார்ஜ்டு ரேஞ்ச் ரோவர் ஒண்ணு வெலை கம்மியா வருது, இன்னா பாக்கணும்?

வெலை கம்மியா வர்றதுக்கு காரணம் இருக்கும். காலைல எஞ்சின் ஆறி இருக்கும்போது போங்க, ஸ்டார்ட் பண்ணி முன்பக்கம் கடகடன்னு சத்தம் வருதான்னு கேளுங்க, சூப்பர்சார்ஜர் பெல்ட்டு வெடிச்சிருக்கா, கூலன்ட் பைப்புங்க ஓரம் வெள்ளை கறை இருக்கா, வண்டிய ராத்திரி நிறுத்தினா ஏர் சஸ்பென்ஷன் ஒரு பக்கம் சாயுதான்னு பாருங்க. அப்பறம் நாலு டயரும் ஒரே பிராண்டா, ஒரே அளவு தேய்மானமான்னு பாருங்க, நாலு சக்கரமும் இழுக்கற வண்டில அது மாறி மாறி இருந்தா டிஃபரென்ஷியல் பாதிக்கும். டயர் ஓரத்துல டிஓடின்னு ஆரம்பிச்சு கடைசில நாலு நம்பர் இருக்கும், 2319ன்னா 2019ல 23வது வாரம் செஞ்சது. ட்ரெட் நல்லா இருந்தாலும் வருஷம் ஆன டயர் வெயில்ல வறண்டு வெடிப்பு விட்டிருக்கும், அந்த வெலைல ஒரு செட்டு டயர் காசயும், நாலு டிஸ்க்கு பேடு காசயும் கழிச்சுட்டு பேரம் பேசுங்க. விக்கறவர் டெஸ்ட் டிரைவ்ல 160 போட்டு காட்டறேன்னு சொன்னா வேணாம்னுடுங்க, 60ல ஸ்டியரிங்க லேசா விட்டு பிரேக் அடிச்சு நேரா நிக்குதான்னு மட்டும் காட்ட சொல்லுங்க.